மஞ்சள் அம்பு காட்டிய வழி

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் ஓர் ஊர். பெயர், சந்தியாகோ. ஏசுநாதரின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. தமிழ்நாட்டில் "சந்தியாகப்பர்" என்று வணங்கப்படுபவரும் இவர்தான்.

9-ம் நூற்றாண்டில், கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. ஐரோப்பா எங்கும் இருந்து மக்கள் புறப்பட்டார்கள். ரெயில் ஏது? மோட்டார் ஏது? பெரும்பாலோர் கால்நடையாகவே போனார்கள். பிரான்ஸ் எல்லையில் இருந்தே ஏறத்தாழ 780 கிலோ மீட்டர்! போய் வந்ததற்கு அடையாளம், ஆடையில் ஒரு கடல் சிப்பி.

கத்தி தீட்டியவர்கள்

12-ம் நூற்றாண்டில் ஒருவர் இந்த யாத்திரைக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம் என்றுகூட அதில் இருக்கிறது.

ஓர் உப்பாற்றங்கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு இருந்தார்களாம். "தண்ணீர் நல்லதா?" என்று கேட்டதற்கு, "நல்லது" என்றார்களாம். குடித்த குதிரைகளில் இரண்டு செத்து விழுந்தன. உடனே அவர்கள் தோலை உரித்துவிட்டார்கள்!

பிற்காலத்தில் கொள்ளைநோய், போர், மதப்பிளவு ஆகியவற்றால் கூட்டம் குறைந்தது. பல இடங்களில் பாதையே மறைந்தது.

பாதிரியார் செய்த வேலை

செப்ரேரோ என்ற மலைக்கிராமத்தின் பாதிரியார் எலியாஸ் வலீன்யா. பழைய பாதையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1984-ல் அவர் காரில் மஞ்சள் வர்ணத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மரம், பாறை, சுவர் எல்லாவற்றிலும் அம்புக்குறி போட்டார். "இப்படிப் போ" என்று வழி சொல்ல அது போதுமானதாக இருந்தது.

1987-ல் ஐரோப்பிய கவுன்சில் இதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

கடைசி 100 கிலோ மீட்டரையாவது நடந்து, வழியில் முத்திரை வாங்கி வருபவருக்குச் சான்றிதழ் உண்டு. 1985-ல் அதைப் பெற்றவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. 2024-ல் ஏறத்தாழ 5 லட்சம் பேர்! பக்தர்களோடு, ஊர் பார்க்க வருபவர்களும் நடக்கிறார்கள்.

வழியில் உள்ள பல சிற்றூர்களுக்கு இவர்களால்தான் பிழைப்பு. சந்தியாகோ நகரவாசிகளோ, "கூட்டம் தாங்கவில்லை, வாடகை ஏறுகிறது" என்கிறார்கள்.

பாதிரியார் 1989-ல் காலமானார். இந்தப் பெருங்கூட்டத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அம்புகள் மங்கும்போது, யாராவது ஒருவர் வர்ணமும் தூரிகையுமாக வந்து புதுப்பித்துவிட்டுப் போகிறார்.