கல்விச்சாலையும் தொழிற்சாலையும் – 9: ஓசூர் இருந்த தர்மபுரி

சேலம் ஜில்லாவின் வடபாகத்தைப் பிரித்து, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரியைத் தனி ஜில்லாவாக ஆக்கியபோது, கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதன் எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தன என்பது இன்றைய வாலிபர்களுள் பலருக்கு நினைவிராது. மழை குறைந்த பூமி, பாறை மிகுந்த மேட்டுநிலம், சாமையும் ராகியும் கொள்ளும் விளையும் மானாவாரிப் புஞ்சை. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அதற்குக் கிடைத்த அடைமொழி ‘பின்தங்கிய ஜில்லா’ என்பது. ஆயினும் அந்தப் பின்தங்கிய ஜில்லாவின் வடகோடித் தாலுகா, விமானமும் கடிகாரமும் தொலைபேசியும் செய்துகொண்டிருந்த பெங்களூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1971-இல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் தன் ஆரம்ப காலத்திலேயே ஓசூரைத் தேர்ந்து நிலம் வகுத்ததற்கு, சலுகைகளைப் பெறும் தகுதியும் பெருநகரத்தின் சமீபமும் ஓரிடத்தில் கூடியிருந்ததே காரணம். 1980-இல் அசோக் லேலண்டின் லாரிகளும் சுந்தரம் கிளேட்டனின் டி.வி.எஸ். 50 மொபெட்டுகளும் அங்கிருந்து புறப்படத் தொடங்கின.

ஆனால் நம் தொடருக்கு வேண்டிய கதை கடிகாரக் கதைதான். ஜில்லா பிறந்த அதே 1965-இல் பிறந்த இன்னொன்று, டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம். சிந்துவெளி முத்திரைகளையும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுக்களையும் ஆராய்ந்தவராக நாம் அறிந்திருக்கும் ஐராவதம் மகாதேவன், அந்தக் கழகத்தில் உயர்பதவி வகித்த காலத்தில், கடிகாரத் தொழில் குறித்து டாட்டா குழுமத்தாரோடு தொடக்கப் பேச்சுக்கள் நடத்தியவர் என்பது பலரும் அறியாத செய்தி. கல்லெழுத்தில் காலத்தைத் தேடியவருக்குக் கைக்கடிகாரத்தோடும் சம்பந்தம் இருந்தது என்பதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. டாட்டா பக்கத்தில் இதை நெடுங்காலம் விடாமல் சுமந்தவர் செர்க்ஸஸ் தேசாய். பெருந்தொழிற்குடும்பங்கள் புதிய தொழிலுக்கு லைசென்ஸ் பெறுவதே அரிதாயிருந்த அந்நாளில், ராஜ்ய சர்க்காரின் ஸ்தாபனம் ஒன்றைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டது வழியைச் சற்றுச் சுலபமாக்கிற்று. 1984-இல் டைட்டன் கம்பெனி பதிவாயிற்று. 1987-இல் அதன் கடிகாரங்கள் கடைக்கு வந்தன.

இங்கே சர்க்கார் நிலம் கொடுத்து வரிச்சலுகை அளித்து ஒதுங்கி நின்றுவிடவில்லை, மூலதனத்தில் பங்கேற்றது. டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாட்டா குழுமத்தின் பங்கைவிடவும் சற்றே அதிகம். நஷ்டம் வந்திருந்தால் ஜனங்களின் பணம் வீணாயிற்று என்று சட்டசபையில் ஆரவாரம் எழுந்திருக்கும். லாபம் வந்தபோது அதைப் பற்றிப் பேசுவார் யாரையும் காணோம்.

சரி, சர்க்கார் வந்தது, தொழிலதிபர் வந்தார். வித்தை எங்கிருந்து வந்தது? குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் அதிர்வை எண்ணி முள்ளை நகர்த்தும் அந்த நுட்பம், பிரெஞ்சு தேசத்தின் பெசன்ஸோன் நகரத்து ஃபிரான்ஸ் எபோஷ் என்னும் கம்பெனியிடமிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவர்களோ, பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற கிராமத்துப் பிள்ளைகள். வீட்டை விட்டு ஒரு நாளும் வெளியே தங்கியிராத அந்தப் பெண்களையும் பையன்களையும் ஓசூரில் வாடகை வீடுகளில் குடிவைத்து, அவர்களைக் கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர்போல் பெரியவர்களையும் நியமித்து, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பற்சக்கரத்தைச் சிறு இடுக்கியால் எடுத்து உரிய இடத்தில் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் மத்திகிரியில் ஊழியர் குடியிருப்பு ஒன்றைச் சார்ல்ஸ் கொரியாவைக் கொண்டு வடிவமைத்ததும், மைராடா என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் துணையோடு கிராமத்துப் பெண்கள் கூடிக் கடிகாரப் பட்டையின் கண்ணிகளைக் கோக்கும் தொழிலைத் தாங்களே நிர்வகிக்கும் ஏற்பாடு உண்டானதும் இந்தப் போக்கின் தொடர்ச்சியே. இவையெல்லாம் புகழத்தக்கவை, ஆயினும் இந்த முயற்சியில் சர்வகலாசாலையின் ஸ்தானம் காலியாகவே இருந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. பக்கத்தில் கலாசாலை இல்லாமையால் தொழிற்சாலையே பள்ளிக்கூடம் ஆக நேர்ந்தது. தனக்கு வேண்டியதை மட்டும் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது. அதற்கு மேல் கற்பிக்கும்படி அதைக் கேட்பதும் நியாயமில்லை.

காலியான அந்த ஸ்தானம் நிரம்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓசூரிலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 2010-இல் தரமணியில், ராஜ்ய சர்க்கார் அளித்த நிலத்தில், சென்னை ஐ.ஐ.டி. தன் ஆராய்ச்சிப் பூங்காவைத் திறந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா இதற்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர். 1951-இல் ஸ்டான்போர்டில் பிரடெரிக் டெர்மன் முன்னின்று தொடங்கிய தொழிற்பூங்காவின் வழியைப் பின்பற்றியதுதான் அது; ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனையே அதன் உயிர். அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை மட்டும் செலுத்திவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆசிரியர்களோடு கூட்டு ஆராய்ச்சி செய்தல், மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுதல் முதலிய காரியங்களுக்கென்று மதிப்புப் புள்ளிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்தாக வேண்டும். அந்த ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இருவர் 2013-இல் ஏதர் என்ற பெயரில் மின்சார ஸ்கூட்டர் முயற்சியைத் தொடங்கியபோது, அந்த வளாகத்தின் தொழில் வளர்ப்பு மையமும், மத்திய சர்க்காரின் தொழில்நுட்ப அபிவிருத்தி வாரியமும், படித்துத் தொழிலில் நிலைபெற்றுவிட்ட பழைய மாணவர் ஒருவரும் ஆரம்ப முதலைக் கொடுத்தார்கள். கம்பெனி பெங்களூருக்குப் போயிற்று. 2018-இல் வண்டி வீதிக்கு வந்தது. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 2021-இல் ஓசூர்த் தொழிற்சாலையில் உற்பத்தியைத் தொடங்கியது. பெசன்ஸோனிலிருந்து வாங்கிய வித்தைக்கும் அடையாற்றங்கரையில் விளைந்த வித்தைக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்திருந்தது.

ஆனால் அதற்குள் ஓசூர் தர்மபுரியில் இல்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. சிப்காட்டும், கடிகாரமும், மொபெட்டும், சாமைக்கும் கொள்ளுக்கும் நல்ல ரகங்களைக் கண்டு கொடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையமும், பர்கூர் இஞ்சினீயரிங் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டன. பாகப்பிரிவினையில் கிணறும் களமும் தம்பிக்குப் போய், மானாவாரிக் காடு மட்டும் அண்ணனுக்கு நின்றதுபோல் ஆயிற்று.

அதன் பிறகு வந்தவை இல்லாமல் இல்லை. 2008-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2013-இல் செட்டிக்கரையில் சர்க்கார் இஞ்சினீயரிங் கல்லூரி வந்தது. பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அதியமான்கோட்டைப் பக்கத்தில் புதிய சிப்காட்டுக்கென நிலமும் வகுக்கப்பட்டுவிட்டது. ஆக, ஓசூரில் இல்லாதிருந்த கலாசாலை இங்கே தொழிற்சாலைக்கு முன்பே வந்து காத்திருக்கிறது. வரிசை மாறி அமைந்த இந்த வாய்ப்பைச் சாமான்யமாக நினைக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு வரும் வெண்கூடுகளைப் பாருங்கள். மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய நிபுணர்களின் துணையோடு உருவாக்கிய கலப்பினங்களை, ராஜ்ய பட்டு வளர்ச்சித் துறை கிராமங்களுக்குக் கொண்டுசேர்க்க, மல்பெரித் தோட்டக்காரர் ஏற்றுக்கொண்டதால் வந்த வளம் அது. ஆராய்ச்சிக்கூடமும் சர்க்காரும் உற்பத்தியாளரும் ஒன்றுசேர்வது இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல.

எனவே, புதிய சிப்காட்டில் மனை ஒதுக்கும் பத்திரத்திலேயே, தரமணியில் உள்ளதைப் போன்ற புள்ளி நிபந்தனை ஒன்றைச் சேர்த்து, செட்டிக்கரைக் கல்லூரியோடு ஆண்டுதோறும் இன்ன இன்ன காரியம் செய்தாக வேண்டும் என்று எழுதிவிட்டால் என்ன? தடை கம்பெனிகளின் பக்கம் மட்டும் இல்லை. ஐ.ஐ.டி. ஆசிரியர் வெளித் தொழிலுக்கு ஆலோசனை கூறி அதற்கான ஊதியத்தில் பங்கு பெறுவது அங்கே வழக்கமான நடைமுறை. சர்க்கார் கல்லூரி ஆசிரியரோ மாறுதலுக்கு உட்பட்டவர், ஒரு தொழிற்சாலையின் யந்திரத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் சமயத்தில் வேறு ஊர் உத்தரவு வந்துவிடலாம். ஆகையால் சிப்காட்டின் ஒதுக்கீட்டுப் பத்திரத்தைத் திருத்துவதோடு, தொழில்நுட்பக் கல்வித் துறையின் ஊழிய விதியிலும் ஒரு ஷரத்தைத் திருத்த வேண்டியிருக்கும்: கூட்டு ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்வரை அந்த ஆசிரியருக்கு மாறுதல் இல்லை என்று.

அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போவோம்; 1926-இல் பி.எஸ்.ஜி. குடும்பத்தாரின் தர்ம ஸ்தாபனம் தொழிற்கல்விக்கூடம் ஒன்றை நிறுவி, கற்பிக்கும் இடத்திலேயே யந்திரங்களையும் செய்யத் துணிந்த வரலாறு அங்கே நமக்காகக் காத்திருக்கிறது.