மூளைச் சத்திரசிகிச்சையும் காய்ச்சலும்

மூளையிற் செய்த சத்திரசிகிச்சை இனிது நிறைவேறிய பின்னரும் நோயாளிக்குக் காய்ச்சல் காண்பதுண்டு. கிருமி புகுந்துவிட்டதென உற்றார் அஞ்சுவர். அவ்வச்சம் சிலவேளை மெய்யாகும்; சிலவேளை காரணம் பிறிதாகும். இவற்றை வேறுபிரித்தறிவதில் நோயாளியின் உயிரே தங்கியிருத்தல் கூடும்.

மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் நிலைபெறுகின்றது. அதனைக் காப்பது மூளையின் அடியில் அமைந்த பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதியாகும். கிருமிகள் உடலுட் புகுந்தால் வெண்குருதிக் கலங்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் புரொசுத்தாகிளாந்தின் என்னும் பொருள் மூளையில் உண்டாகிப் பரிவகக்கீழ் காக்கும் அளவை உயர்த்துகின்றது. உடல் நடுங்குகின்றது, தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, வெப்பமும் புதிய அளவுக்கு ஏறுகின்றது. இதுவே காய்ச்சல்.

கிருமியின்றியும் இத்தூண்டுதல் நிகழலாம். திசுக்கள் வெட்டுண்டமையே முதலிரு நாட்களிற் சிறு காய்ச்சலை விளைவிக்கும். மூளையைச் சூழ்ந்த பாய்பொருளிற் குருதி கலந்து சிதையுமாயின் மூளையுறைகள் அழற்சியுறும். கிருமியற்ற இவ்வழற்சியை மொன்றியல் நகரத்துப் பென்பீல்டும் அவருடன் பணியாற்றிய பின்லேசனும் 1941 ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினர். பரிவகக்கீழே ஊறுபடின் வெப்பக் கட்டுப்பாடு தளரும். அந்நிலையிற் பரசிற்றமோல் பெரிதும் பயன்படுவதில்லை. வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தும், காலின் நாளத்தில் உறையும் குருதியுங்கூடக் காய்ச்சலைத் தரலாம்.

ஆயினும், கிருமித் தொற்றை மறத்தலாகாது. வெட்டுக்காயம், மூளையுறை, நுரையீரல், சிறுநீர்க் குழாய் ஆகிய யாவும் அதற்கு வாயில்களாம். ஐயமுற்ற வைத்தியர், மண்டையோட்டினுள் அமுக்கம் மிகாதிருப்பின், முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்திப் பாய்பொருளைச் சோதிப்பர். இருவகை அழற்சியிலும் வெண்கலங்கள் பெருகும். வெல்லத்தின் அளவு நன்கு குறைந்திருத்தல் பற்றீரியாவையே பெரிதும் சுட்டும். எனினும், கிருமியை வளர்த்துக் காணும் சோதனை முடியச் சில நாட்கள் செல்லும். அதுவரை காத்திருத்தல் உயிருக்கு இடராகலாம் என்பதால் நுண்ணுயிர்கொல்லி மருந்தை உடனே தொடங்குவர். கிருமியில்லை எனத் தெளிந்தபின் நிறுத்துவர். வேண்டாது நீட்டித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

காரணம் எதுவாயினும் காய்ச்சலைப் புறக்கணித்தல் தகாது. வெப்பம் ஏறுந்தோறும் ஊறுபட்ட மூளைக்கு ஒட்சிசன் மிகுதியாகத் தேவைப்படும். வெப்பமானி காட்டுவது வெப்பத்தின் அளவை மட்டுமே. அதன் மூலத்தைத் தேடிக் காண்பது வைத்தியரின் கடனாகும்.