புகை யாருடையது? பொறுப்பு யாருடையது?

உலகம் ஒன்று என்று மேடையில் சொல்லுவது எளிது. அந்த ஒரே உலகத்தைக் காக்கும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டாலோ, உலகம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் செல்வ நாடுகள். மறு பக்கம் வளர்ந்துவரும் நாடுகள். காலநிலை மாற்றத்தைத் தடுப்பதற்காக 1992 முதல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வரலாறு முழுவதும் இந்தப் பிரிவின் வரலாறே எனலாம். இந்தியா போன்ற நாடுகள் முட்டுக்கட்டை போடுகின்றன என்பர் மேனாட்டார் சிலர். மேனாட்டார் வாக்குத் தவறினர் என்பர் நம்மவர். எது உண்மை? உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

நம் வாசலில் நிற்கும் வழக்கு

ஜெனீவாவிலும் பாரிசிலும் பேசப்படும் செய்தி நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. நாம் இருக்கும் தேவராவிலிருந்து காயலைக் கடந்து தென்மேற்கே சென்றால் செல்லானம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. ஒரு புறம் அரபிக்கடல், மறு புறம் காயல்; இடையே ஒரு மெல்லிய நிலம். 2017-இல் ஒக்கிப் புயலின்போதும், 2021 மே மாதத்தில் டவ்-தே புயலின்போதும் கடல் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர்க் கேரள அரசு 344 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கி, டெட்ராபாட் என்னும் நான்கு கால் சிமெண்டுக் கட்டிகளை அடுக்கி, ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பிற்று. சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே வாழ்பவர்கள், தங்களுக்கும் சுவர் வேண்டும் என்று போராட நேர்ந்தது.

கரை அரிக்கப்படுவதற்குத் துறைமுகத்தின் கப்பல் வழியைத் தோண்டுவதும் ஒரு காரணம் என்பது அவ்வூரார் வாதம். அது தனியே ஆராயத் தக்கது. ஆயினும், வெப்பம் ஏற ஏறக் கடல் மட்டம் உயர்கிறது என்பதிலும், அரபிக்கடலில் கடும் புயல்கள் பெருகி வருகின்றன என்பதிலும் ஆராய்ச்சியாளர்க்கு ஐயம் இல்லை. வள்ளத்தில் சென்று மீன் பிடித்து வாழும் ஒரு குடும்பம் தன் ஆயுளில் எவ்வளவு புகை விட்டிருக்கும்? அதன் வீட்டைக் காக்கும் சுவருக்கு யார் பணம் தர வேண்டும்? உலக மாநாடுகளில் வளர்ந்துவரும் நாடுகள் எழுப்பும் கேள்வி, அடிப்படையில், இந்தக் கேள்விதான்.

கணக்குச் சொல்வது என்ன?

கரியமில வாயுவுக்கு ஒரு குணம் உண்டு. இன்று விட்டது நாளை மறைவதில்லை. அதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் வானில் தங்கும். ஆகையால் இன்று யார் எவ்வளவு விடுகிறார் என்பது பாதிக் கணக்கே. நீராவி எந்திரக் காலந்தொட்டு யார் எவ்வளவு விட்டார் என்பதையும் சேர்த்தால்தான் முழுக் கணக்காகும். அவ்வாறு கூட்டிப் பார்த்தால், நிலக்கரியாலும் எண்ணெயாலும் இதுவரை உண்டான வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவரைக் கொண்ட இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் விடுகிறார். அமெரிக்கர் ஒருவர் ஏறக்குறைய 14 டன் விடுகிறார்.

1992-இல் ரியோ நகரில் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இந்த உண்மையை ஏற்றுக்கொண்டது. பொறுப்பு எல்லார்க்கும் பொது. ஆனால் அளவு வேறு வேறு. இதுவே அதன் உயிர்நாடி. 1997-இல் கியோட்டோவில், செல்வ நாடுகள் 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து சராசரி நூற்றுக்கு ஐந்து குறைப்பதாக ஒப்புக்கொண்டன. ஏழை நாடுகளுக்குக் கட்டாயம் இல்லை. நடந்தது என்ன? அமெரிக்கா கையெழுத்திட்டது, ஆனால் உறுதி செய்யவில்லை. 2001-இல் முற்றிலும் கைவிட்டது. கனடா 2011-இல் விலகலை அறிவித்தது.

தமிழர் இருவர்

இந்த வழக்காட்டில் தமிழ்நாட்டவர் இருவருக்குப் பங்கு உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். 2002-இல் எட்டாவது காலநிலை மாநாடு புதுதில்லியில் கூடியபோது, அதன் தலைவராக அமர்ந்தவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் டி. ஆர். பாலு. வறுமை ஒழிப்பும் வளர்ச்சியுமே வளரும் நாடுகளின் முதற்கடமை என்பதை வலியுறுத்திய தில்லிப் பிரகடனம் அங்கே பிறந்தது.

2011 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியாவின் குரலாக நின்றவர் ஜெயந்தி நடராஜன். எல்லா நாடுகளையும் சட்டத்தால் கட்டும் புதிய உடன்படிக்கைக்கு வழி வகுக்க வேண்டும் என்றது ஐரோப்பா. வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய மாநாடு ஞாயிறு விடியும் வரை நீண்டது. என்ன எழுதப்போகிறார்கள் என்பது தெரியாமலே கோடிக்கணக்கான இந்தியரின் வாழ்வைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட முடியுமா என்று அவர் கேட்டார். இறுதியில், சட்ட வலிமையுள்ள ஏதேனும் ஒரு முடிவு என்ற சமரசச் சொல் கிடைத்தது. ஆயினும், நீதி என்னும் சொல்லும், வேறு வேறு பொறுப்பு என்னும் சொல்லும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறவில்லை. 2015-இல் பாரிசில் வேறுபட்ட பொறுப்பு மீண்டும் ஏட்டில் ஏறியது. ஆனால் அவரவர் நிலைமைக்கு ஏற்ப என்ற ஒட்டுடன். அங்கே ஒவ்வொரு நாடும் தன் வாக்குறுதியைத் தானே எழுதிக்கொண்டது.

பணம் என்னும் முடிச்சு

ஏழை நாடுகள் உடன்படிக்கையையே வெறுப்பவை என்பது பொய். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை பிறந்தபோது இந்தியாவும் சீனாவும் விலகி நின்றன. மாற்றுப் பொருளுக்கு மாறப் பணம் எங்கே என்று கேட்டன. 1990-இல் லண்டனில் அதற்கென ஒரு நிதிக்கு வழி செய்யப்பட்டது. ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணை முன்பே உண்டு. 1991-இல் சீனாவும் 1992-இல் இந்தியாவும் சேர்ந்தன. இன்று ஓசோன் படலம் தேறி வருகிறது. காலமும் பணமும் கொடுத்தால் ஏழை நாடுகள் வருகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காலநிலையிலோ கதை வேறு. 2020-க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009-இல் செல்வ நாடுகள் வாக்களித்தன. அவர்களுடைய கணக்குப்படியே அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-இல்தான். அதிலும் பெரும்பங்கு கடன்! 2024-இல் பாகூ நகரில், ஆண்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி டாலர் வேண்டும் என்றனர் வளர்ந்துவரும் நாட்டார். 2035-க்குள் 30 ஆயிரம் கோடி என்று முடிந்தது. இந்தியப் பிரதிநிதி அங்கேயே எழுந்து மறுப்புத் தெரிவித்தார்.

நம்மையும் நிறுத்துப் பார்ப்போம்

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் அது வழக்கறிஞர் வாதமாகும், ஆராய்ச்சியாகாது. வளர்ந்துவரும் நாடுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. மாலத்தீவும் துவாலுவும் கடலில் மூழ்கும் அச்சத்தில் இருப்பவை. எல்லாரும் விரைந்து குறைக்க வேண்டும், சீனாவும் இந்தியாவும் உட்பட, என்பது அவற்றின் வேண்டுகோள். எண்ணெய் விற்கும் நாடுகளோ காலம் தாழ்த்துவதில் ஆதாயம் காண்பவை. இன்று உலகிலேயே மிகுதியாகக் கரியமில வாயு விடும் நாடு சீனா, மூன்றாவது இந்தியா. மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி போன்ற எரிபொருள் அல்லாத வழிகளுக்கு மாறிவிட்டது என்று 2025-இல் நம் அரசு அறிவித்தது. பாராட்டுவோம். ஆனால் உண்மையில் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை இன்னும் நிலக்கரியால்தான் எரிகின்றன.

இன்னொன்றும் உண்டு. தலைக்கு 2 டன் என்பது சராசரி. குளிர்சாதன அறையும் இரண்டு காரும் உடையவரும், செல்லானத்து மீனவரும் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கின்றனர். அமெரிக்காவிடம் நாம் கேட்கும் நீதியை நம் நாட்டுக்குள்ளும் அளந்து வழங்க வேண்டாமா? ஏழையின் பெயரால் வெளியே வாதாடிப் பெறும் இடம், உள்ளே ஏழைக்குச் சுவராகவும் கூரையாகவும் வந்து சேர வேண்டும். இல்லையேல் நம் வாதம் உண்மையாயினும் ஒழுக்கம் ஆகாது.

மாணவர் செய்தது

பெரிய நாடுகள் பேசும் இடத்தில் மாணவர்க்கு என்ன வேலை என்பவர்க்கு ஒரு செய்தி. 2019-இல், பசிபிக் தீவுகளின் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டனர்: காலநிலைக்குத் தீங்கு செய்யும் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை? இதை உலக நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? வனுவாட்டு என்னும் சிறு தீவு நாடு அதனை ஏற்று, 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானமாக்கிற்று. 2025 ஜூலை 23-ஆம் நாள் நீதிமன்றம் விடை பகர்ந்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதில் தவறினால் இழப்பீடு தர வேண்டிய நிலையும் எழலாம் என்றது. அது கருத்துரைதான், கட்டாயத் தீர்ப்பன்று. ஆயினும் நாளை நடக்கும் ஒவ்வொரு மாநாட்டிலும் அதன் எடை இருக்கும்.

வகுப்பறையில் பிறந்த ஒரு கேள்வி உலக நீதிமன்றத்தின் வாயைத் திறந்தது. ஆகவே நண்பர்களே, யார் பக்கம் சேர்வது என்று முடிவு செய்யுமுன் கணக்கைக் கற்போம், உடன்படிக்கைகளைப் படிப்போம், செல்லானத்துக்கு ஒருமுறை சென்று வருவோம். நீதியை உலகிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனை வீட்டிலும் செய்து காட்டும் கடமையும் நமக்கு உண்டு.