இயற்பியல் அறிவியல் ஆசிரியர் பயிற்சி (தமிழ்நாடு)

இயற்பியல் அறிவியல் ஆசிரியர் பயிற்சி என்பது இயற்பியல் அல்லது வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவரை, பள்ளிகளில் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கத் தகுதியாக்கும் தொழிற்கல்வி ஆகும். தமிழ்நாட்டில் இது பி.எட். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இளங்கல்வியியல் பட்டப் படிப்பின் வழியாக அளிக்கப்படுகிறது. "இயற்பியல் அறிவியல்" என்னும் பெயர் இங்கு இயற்பியலை மட்டும் குறிப்பதன்று. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த தொகுதியையே குறிக்கும். பட்டம் பெறுவது ஒரு பாடத்தில். கற்பிக்க வேண்டியதோ குறைந்தது இரண்டு பாடங்களை. இப்பயிற்சியின் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே ஊற்றுக்கண்.

வரலாறு

சென்னை மாகாணத்தில் ஆசிரியர் பயிற்சிக்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று 1856 இல் தோன்றி, பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரியாகும். அக்காலத்தில் எல்.டி. என்ற சான்றிதழும், பின்னர் பி.டி. என்ற பட்டமும் வழங்கப்பட்டன. பி.டி. பட்டம் மறைந்து பி.எட். வந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் பட்டதாரி ஆசிரியரைப் "பி.டி. அசிஸ்டென்ட்" என்று அழைக்கும் வழக்கம் பள்ளிகளில் மறையவில்லை.

ஆசிரியர் கல்வியின் தரத்தை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகளுக்கெனத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008 இல் உருவாக்கப்பட்டது. அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு, குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

சேர்க்கை

குழுமத்தின் 2014 விதிகளின்படி இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அறிவியலிலும் கணிதத்திலும் சிறப்புப் பயிற்சி பெற்ற பொறியியல் பட்டதாரிகளும் 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் சேரலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் இடங்கள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் நிரப்பப்பட்டு வருகின்றன.

பாட இடைவெளி

மேல்நிலை வகுப்புகளில் (11, 12) இயற்பியலும் வேதியியலும் தனித்தனிப் பாடங்கள். அவற்றைக் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் தம் பாடத்தை மட்டும் கற்பித்தால் போதும். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம், ஒரே நூல். 2019-20 இல் அறிமுகமான பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 23 அலகுகள் உள்ளன. இயக்க விதிகள் முதல் அணுக்கரு இயற்பியல் வரையிலான 6 அலகுகள் இயற்பியல். அணுக்களும் மூலக்கூறுகளும் முதல் கார்பனும் அதன் சேர்மங்களும் வரையிலான 5 அலகுகள் வேதியியல். எஞ்சியவை ஏறத்தாழ முழுவதும் உயிரியல். ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஒரே ஆசிரியர் இருப்பாராயின், இயற்பியல் பட்டதாரியே தாவர உள்ளமைப்பையும் மரபியலையும் நடத்த வேண்டியிருக்கும்.

இயற்பியல் படித்தவர் வேதியியலைக் கல்லூரியில் பெரும்பாலும் துணைப்பாடமாகவே தொட்டுச் சென்றிருப்பார். மோல் கருத்தைத் தாமே உறுதியாகப் புரிந்துகொள்ளாத ஒருவர் அதைக் கற்பிக்கும்போது, பாடம் சூத்திர மனப்பாடமாகச் சுருங்கிவிடுகிறது. வேதியியல் பட்டதாரிக்கு அதே இடர்ப்பாடு லென்சின் குறியீட்டு மரபில் நேர்கிறது. பி.எட். பாடத்திட்டம் பாடப்பொருளை மீண்டும் முழுமையாகக் கற்பிப்பதில்லை. கற்பிக்கும் முறைகளுக்கே அது முதன்மை தருகிறது. எனவே இந்த இடைவெளியைப் பயிற்சி மாணவர் பள்ளிப் பாடநூல்களைத் தாமே படித்து நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான நூல்களை வரிசையாகப் படிப்பது இதற்கு நல்ல வழி. ஒரு கருத்து எந்த வகுப்பில் தொடங்கி எங்கே விரிகிறது என்பதும் அப்போது விளங்கும்.

மொழியும் கலைச்சொற்களும்

கல்லூரியில் ஆங்கில வழியில் படித்த பலர், தமிழ் வழி வகுப்பில் முதன்முறையாக நிற்கும்போது இன்னொரு தடையைச் சந்திக்கின்றனர். இது சொற்பட்டியலை மனனம் செய்வதால் மட்டும் நீங்குவதன்று, ஏனெனில் அறிவியல் சொற்கள் பலவும் அன்றாட வழக்கில் வேறு பொருளில் வழங்குகின்றன.

"எடை" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடையில் எடை கிலோகிராமில் சொல்லப்படுகிறது. பாடநூலிலோ கிலோகிராம் நிறையின் அலகு. எடை ஒரு விசை, அதன் அலகு நியூட்டன். புவிப்பரப்பில் 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை ஏறத்தாழ 9.8 நியூட்டன். அதே பொருளை நிலவுக்குக் கொண்டு சென்றால் நிறை மாறாது. எடை சுமார் ஆறில் ஒரு பங்காகக் குறையும். மாணவர் "கடைக்காரர் சொல்வது தவறா?" என்று கேட்பது இயல்பு. அக்கேள்வியை அடக்காமல் பாடத்தின் நுழைவாயிலாகக் கொள்வதே கற்பித்தல் திறன். வெப்பம், வெப்பநிலை, வேகம், திசைவேகம், ஆற்றல், திறன் ஆகிய இணைகளும் இத்தகையனவே.

இலங்கைத் தமிழ் நூல்களைத் துணைக்குப் படிப்போர் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். அங்கு திணிவு என்பதே தமிழ்நாட்டின் நிறை. அங்கு நிறை எனப்படுவது தமிழ்நாட்டின் எடை. ஆற்றலைச் சக்தி என்றும், திறனை வலு என்றும் அந்நூல்கள் குறிக்கின்றன.

நுண்ணிலைக் கற்பித்தல்

பள்ளிக்கு அனுப்பப்படும் முன் பயிற்சி மாணவர்கள் நுண்ணிலைக் கற்பித்தலில் ஈடுபடுத்தப்படுகின்றனர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையில், உடன் பயில்வோர் சிலரே மாணவர்களாக அமர்வர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன் மட்டும் பயிலப்படும்: விளக்குதல், கிளர்வினாக் கேட்டல், வலுவூட்டல், கரும்பலகையைப் பயன்படுத்தல் முதலியன. இந்தியாவில் வழக்கிலுள்ள சுழற்சி 36 நிமிடங்கள் கொண்டது. 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டமிடல், 6 நிமிடம் மறுகற்பித்தல், 6 நிமிடம் மறுபின்னூட்டம்.

இம்முறையின் குறை வெளிப்படையானது. மாணவராக நடிக்கும் பட்டதாரிக்கு விடை முன்பே தெரியும்; அவர் உண்மையான மாணவரைப் போலத் தவறாகச் சிந்திப்பதில்லை. அறிவியல் ஆசிரியரோ எதிர்கொள்ள வேண்டியது அந்தத் தவறான சிந்தனையைத்தான்.

இரு ஒத்த மின்விளக்குகளைத் தொடராக இணைத்தால் எது மிகுதியாக ஒளிரும் என்று வகுப்பில் கேட்டால், மின்கலத்துக்கு அருகிலுள்ளது என்று பலர் விடையளிப்பர். முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் "தின்றுவிடும்" என்பது அவர்தம் எண்ணம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதால் இவ்வெண்ணம் அகல்வதில்லை. முதலில் மாணவரின் கணிப்பைக் கேட்டு எழுதி வைத்து, பிறகு சுற்றை இணைத்து, விளக்குகளின் முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்து ஒரே அளவு காட்டுவதைக் காணச் செய்ய வேண்டும். அதன்பின் "அப்படியானால் செலவாவது எது?" என்ற வினா எழும். அங்குதான் ஆற்றல் என்ற கருத்துக்கு இடம் பிறக்கிறது. கணிப்பு கேட்கப்படாத செய்முறை வெறும் வேடிக்கையாகவே முடியும்.

பள்ளியில் பயிற்சி

பழைய ஓராண்டுப் படிப்பில் கற்பித்தல் பயிற்சி 40 நாட்கள் நடைபெற்றது. 2014 விதிமுறைகள் இதனை இரண்டு ஆண்டுகளிலுமாக 20 வாரங்கள் எனவும், பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடு வருகை கட்டாயம் எனவும் வகுத்தன. பயிற்சி மாணவர் தம் பாடக்குறிப்பை வழிகாட்டி ஆசிரியரிடம் ஒப்புதல் பெற்று வகுப்பெடுப்பார். அடைவுத் தேர்வு நடத்திப் பகுப்பாய்வு செய்வதும், பிழைகளின் காரணத்தைக் குறையறி தேர்வால் கண்டு குறைதீர் கற்பித்தல் மேற்கொள்வதும் பயிற்சியின் பகுதிகளாகும்.

பாடக்குறிப்புகளையும் பதிவேடுகளையும் அழகுற எழுதுவதில் பெருமளவு நேரம் செலவாவது இப்பயிற்சி மீது பரவலாகக் கூறப்படும் குறையாகும். இதில் உண்மை உண்டு. குவிலென்சின் குவியத் தொலைவையும் ஒரு கம்பியின் மின்தடையையும் மாணவர் நாற்பது பேரும் தாமே அளக்குமாறு ஒரு பாடவேளையை ஒழுங்குபடுத்துவதற்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலின் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. நீர்த்த அமிலம் தயாரிக்கும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றலாகாது என்பன போன்ற பாதுகாப்புப் பழக்கங்களும் கைவேலையால் மட்டுமே வருவன.

தகுதித் தேர்வும் பணி நியமனமும்

கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 8 ஆம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வை 2010 இல் குழுமம் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 சூலையில் நடந்தது. அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோரே தேர்ச்சி பெற்றதால், அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு நடத்தப்பட்டது. 90 நிமிடமாக இருந்த தேர்வு நேரமும் 3 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. அறிவியல் பட்டதாரிகள் எழுதும் இரண்டாம் தாளின் 150 வினாக்களில் 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் உரியவை. ஏனையவை குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம் பற்றியவை.

தகுதித் தேர்வில் வென்றோருக்குத் தனியாகப் போட்டித் தேர்வு நடத்த அரசு 2018 இல் ஆணையிட்டது. பட்டதாரி ஆசிரியர்களுக்கான இப்போட்டித் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடைபெற்றது. இதில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள்கள் அமைந்தன. இவ்வாறு தேர்வறையில் பிரிந்து நிற்கும் இரு பாடங்களும், நியமனம் பெற்று வகுப்பறைக்குள் நுழையும்போது மீண்டும் ஒருவர் கையிலேயே வந்து சேர்கின்றன.