கார்க் கண்ணாடியின் மந்தகதி: காரணமும் பரிகாரமும்

புது தில்லி நிர்மாணமாகிக்கொண்டிருந்த காலத்தில், 1921-ஆம் ஆண்டில் எழும்பிய கோல் மார்க்கெட்டின் பன்னிரண்டு முகக் கட்டடத்தைச் சுற்றியுள்ள வீதிகளில், மத்திய சர்க்கார் உத்தியோகத்தை நம்பித் தெற்கேயிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. சிக்கனமாக வாழப் பழகியவர்களின் வீட்டில் ஒரு கார் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைப்பது அதிசயமல்ல. ஆனால் என்ஜின் இன்னும் திடகாத்திரமாக இருக்கும்போதே, பொத்தானை அழுத்தியவுடன் சில விநாடிகளில் மேலேறி வந்த கண்ணாடி முக்கி முனகிப் பாதியில் நின்று, கையால் தூக்கிவிட்டால்தான் நகரும் என்ற நிலையை அடைந்துவிடுகிறது. இதைச் சிலர் சில்லறைத் தொந்தரவு என்று அலட்சியம் செய்கிறார்கள். சிலரோ மெக்கானிக் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்து மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் விவேகமல்ல. கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்றால், அதன் பாதையில் உராய்வு மிகுந்திருக்கவேண்டும். அல்லது மோட்டாருக்குப் போய்ச் சேரவேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ விரயமாகிக்கொண்டிருக்கவேண்டும். அல்லது மோட்டாரே தேய்ந்திருக்கவேண்டும். முதலாவது சொற்பச் செலவில் தீரும். இரண்டாவது, கவனியாது விட்டால், தீ விபத்தாக முடியவும் கூடும். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் காரணத்தைக் கேட்பது காரின் சொந்தக்காரருக்கு அவசியமானது மட்டுமல்ல, அவருடைய உரிமையுமாகும்.

காரணங்கள்

கதவின் உட்புறத்தில் ஒரு சிறு மோட்டாரும், அதன் சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் ரெகுலேட்டர் என்ற யந்திரமும், கண்ணாடியின் இரு ஓரங்களையும் பிடித்து வழிநடத்தும் ரப்பர்க் காடியும் இருக்கின்றன. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் தில்லி வெயிலில் அந்த ரப்பர் இறுகிப்போகிறது; மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக்காற்று காடிக்குள் மண்ணை அடைக்கிறது; ரெகுலேட்டரிலுள்ள பழைய கிரீஸ் அந்தத் தூசியோடு கலந்து கெட்டிப்படுகிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடைசெய்த கறுப்பு ஃபிலிமைப் பிய்த்தெடுத்த கண்ணாடிகளில், மிச்சம் நின்ற பசையும் இந்தக் கைங்கரியத்தைச் செய்யக்கூடும்.

மின்சார வழியிலோ காரணங்கள் வேறு. பாட்டரி பலவீனமாக இருக்கலாம். ஓட்டுநரின் கைக்கருகே உள்ள பிரதான ஸ்விட்சின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் கீலருகே, ரப்பர் உறைக்குள் ஓடும் கம்பிகள் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். இவையெல்லாம் சரியாயிருந்தும், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துபோனால் வேகம் குறையத்தான் செய்யும்.

அபாயங்கள்

ஸ்விட்சைப் பற்றிய எச்சரிக்கை மிகையானதன்று என்பதற்குச் சரித்திரமே சான்று. 2010 ஜனவரியில் ஹோண்டா கம்பெனி, ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் வழியே புகும் நீர் பவர் விண்டோவின் பிரதான ஸ்விட்சை எட்டினால் அது சூடேறித் தீப்பற்றக்கூடும் என்று அறிவித்து, உலகெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது; அதற்கு முந்திய ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இத்தகைய கார் ஒன்று தீப்பற்றியதில் ஒரு குழந்தை மாண்டிருந்தது. இந்தியாவில் அப்போது 2007-இல் தயாரான 8,532 சிட்டி கார்களும், 2011 செப்டம்பரில் இதே ஸ்விட்சின் பொருட்டு மேலும் 72,115 சிட்டி கார்களும் அழைக்கப்பட்டன. 2012 அக்டோபரில் டொயோட்டாவும் பவர் விண்டோ ஸ்விட்சின் காரணமாக எழுபது லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. எனவே, கண்ணாடி மெதுவாவதோடு ஸ்விட்ச் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது, ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்ற அறிகுறிகளுள் ஒன்று சேர்ந்தாலும் அதை உபயோகிப்பதை அன்றே நிறுத்தவேண்டும். போன ஃப்யூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் உள்ளதைப் பொருத்துவது, கம்பியைக் காக்க வைத்த காவலை நாமே நீக்குவதாகும்.

இரண்டாவது அபாயம் வெள்ளம். கோல் மார்க்கெட்டிலிருந்து கனாட் பிளேஸைக் கடந்தால் வரும் மின்டோ பாலத்தின் அடிவழியில், 2020 ஜூலை 19 அன்று தேங்கிய மழைநீரில் ஒரு சிறு சரக்கு வண்டியின் ஓட்டுநர் உயிரிழந்தார். நீரில் அகப்பட்ட வண்டியின் கதவை வெளியழுத்தம் திறக்கவிடாதபோது ஜன்னலே தப்பும் வழியாதலால், மின்சாரம் அடங்குமுன் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். ஏற்கனவே முனகும் கண்ணாடி அந்தச் சமயத்தில் கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை.

மூன்றாவது, குழந்தைகளைப் பற்றியது. ஏறும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே கழுத்தோ விரலோ அகப்படுவதைத் தடுக்கவே, முழங்கால் பட்டாலும் கண்ணாடி ஏறிவிடும் அமைப்பைத் தவிர்த்து, மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே ஏறும் ஸ்விட்சுகளை அமெரிக்கா 2010 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது. நம் ஊர்ப் பழைய கார்கள் பலவற்றில் அந்தப் பாதுகாப்போ, தடை பட்டதும் கண்ணாடி தானே இறங்கும் வசதியோ கிடையாது. மெதுவாகத்தானே ஏறுகிறது என்ற தைரியத்தில் பின்சீட்டு ஸ்விட்சுகளின் பூட்டைத் திறந்து வைப்பதும், சாவியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தனியே உள்ளே வைப்பதும் கூடா.

பரிகாரங்கள்

நோயறிய மூன்று சோதனைகள் போதும். முதலில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். நல்ல பாட்டரி என்ஜின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது ஆல்டர்னேட்டரின் உபயத்தால் 14-ஐ ஒட்டியும் காட்டும். நான்கு கதவுகளிலும் ஒரே மாதிரி மந்தம் இருந்து, என்ஜின் ஓடும்போது அது குறையுமானால், சந்தேகம் பாட்டரியின்மேல் விழும். ஒரு கதவில் மட்டும் மந்தம் என்றால் குறை அந்தக் கதவுக்குரியது. இரண்டாவதாக, அதே கண்ணாடியை அந்தக் கதவின் ஸ்விட்சாலும் ஓட்டுநரின் ஸ்விட்சாலும் மாறி மாறி இயக்கவேண்டும். ஒன்றில் வேகமும் மற்றதில் மந்தமும் தெரிந்தால் குற்றவாளி ஸ்விட்சே. மூன்றாவதாக, கண்ணாடி நகரும்போதே மோட்டாரின் பிளக்கில் வோல்ட் மீட்டரை வைக்கச் சொல்லவேண்டும். பாட்டரி அளவுக்கு நெருங்கிய மின்னழுத்தம் அங்கே வந்தும் வேகம் இல்லையென்றால் உராய்வோ மோட்டாரோ காரணம். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் குறைந்து வந்தால் கம்பியோ ஸ்விட்சோ காரணம். கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்ததும் மோட்டார் உற்சாகமாகச் சுழலுமானால், அதை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

உராய்வுக்கு மருந்து சுலபமானது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் துணி சுற்றிக் காடியைத் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரேயை அதற்குள் அடித்து, கண்ணாடியைச் சில முறை ஏற்றி இறக்கினால் பல கார்களில் வேகம் திரும்பிவிடும். என்ஜின் ஆயில் ரப்பரை உப்பவைக்கும். கிரீஸ் புழுதியைச் சேர்க்கும். இரண்டையும் காடியில் தடவலாகாது. கதவின் உட்பலகையைக் கழற்றும் வேலையை அனுபவசாலியிடம் விடுவதே உசிதம்; சுருள்வில் உள்ள ரெகுலேட்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றும்போது அதன் கைகள் திடீரென்று விசையோடு பாய்ந்து விரலை நசுக்கக்கூடும். பாட்டரி இணைப்பை முதலில் எடுப்பதும், கண்ணாடியை டேப்பால் கட்டி நிறுத்துவதும் தவறாத நியமங்களாக இருக்கவேண்டும்.

உரிமைகள்

வேலையை ஒப்படைக்குமுன், கண்டறிந்த குறையையும் மாற்றப்போகும் பாகத்தின் பெயரையும் உத்தேசச் செலவையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதும் நல்லது. கரோல் பாக், காஷ்மீரி கேட் கடைகளில் அசலும் போலியும் அருகருகே விற்பனையாகக்கூடும். பாகத்தின் பெயரும் விலையும் குறித்த பில் இல்லாமல் வாங்கினால் பிறகு வழக்காட ஆதாரம் இராது. பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். கூலி பெற்றுச் செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், தாம் வசிக்கும் அல்லது உத்தியோகம் பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினால் பல தகராறுகள் சமரசமாகவே தீரக்கூடும்.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே போகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தனவாயினும், சுதந்திரமாகப் பழுதுபார்க்கும் உரிமை என்ற கொள்கை அதனால் ஊன்றப்பட்டது. தயாரிப்புக் குறையின் பொருட்டுக் காரைத் திரும்ப அழைக்கும் கட்டாயத் திட்டம் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே உரியது. எனினும், தம் பழைய காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ஸ்விட்ச் மாற்றும் அழைப்பு எதுவும் செய்துகொள்ளாமல் நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியிடம் விசாரிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தில்லிவாசிகள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். பத்து வருஷம் தாண்டிய டீசல், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளை ஓட்டக்கூடாதென்ற தடையை 2018-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 2025-இல் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுப்பதை நிறுத்திவைத்து, பிறகு அந்தச் சலுகையை பிஎஸ்-4 அல்லது அதற்கு மேற்பட்ட புகை வெளியீட்டுத் தரம் உள்ள வண்டிகளுக்கு மட்டுமாகக் குறுக்கியது. ஆகவே ஆயுள் முடியப்போகும் காருக்குப் புதிய மோட்டார் வாங்குமுன் பதிவுச் சான்றில் தேதியையும் தரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கருகிய ஸ்விட்சை மாற்றும் செலவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கார் சாலையில் ஓடும் கடைசி நாள்வரை அதில் உட்காருகிறவர்கள் மனிதர்களே.