சொந்த வீடு – 9: பொது மீட்டர்

அடுக்குமாடிக் கணக்கை கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கோமுகி அணைப் பாசனத்தில் கரும்பு வைத்து, ஆலைக்கு வெட்டி அனுப்பி, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அந்தப் பிள்ளைகள் இன்று சென்னையில் ஃபிளாட் வாங்குகிறார்கள். அதற்காகக் கொல்லையை விற்ற வீடுகளும் உண்டு. வங்கித் தவணை முடிந்தால் வீடு நமக்குத்தான் என்று நம்பி வாங்கினார்கள். தவணை ஒருநாள் முடிந்துவிடும். மெயின்டனன்ஸ் முடியாது.

ஊர் வீட்டுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் கரும்புப் பணம் வராத வருஷம் வெள்ளையடிப்பதை விட்டுவிடலாம், ஓடு மாற்றுவதை அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தள்ளிப்போடுவது வீட்டுக்காரரின் கையில் இருந்தது. ஃபிளாட்டில் அந்தப் பிடி போய்விடுகிறது. வேலையில் இருக்கும் மகன் சமாளித்துவிடுவான். பென்ஷனில் வாழும் பெற்றோருக்கு, கூடும் ஒவ்வொரு ஐந்நூறு ரூபாயும் மருந்துச் செலவிலிருந்துதான் போகிறது.

கட்டணம் கூடுவதற்கு எப்போதும் அசோசியேஷன்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பொது மீட்டரைப் பாருங்கள். தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. முன்பு அதற்கும் வீட்டு மின்கட்டணம்தான். 2022 செப்டம்பர் 10 முதல் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் தனி. அடுத்த ஆண்டு யூனிட் கட்டணம் 8.15 ஆனது. எதிர்ப்புக்குப் பிறகு, 2023 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு சலுகையை அறிவித்தார்: பத்து வீடுகளுக்கு மேல் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 5.50 ரூபாய்.

லிஃப்ட் இல்லாத என்ற அந்த நிபந்தனை எனக்கு உறுத்துகிறது. எட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில், முழங்கால் வலியோடு மூன்றாம் மாடி ஏறும் பெரியவர்களுக்காக லிஃப்ட் வைத்தால், மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் சேர்த்தே சலுகை போய்விடும். லிஃப்டை ஆடம்பரமாகப் பார்த்த காலத்து எண்ணம் இது. இந்த நிபந்தனையை நீக்க வேண்டும்.

ஜிஎஸ்டி கதை இன்னும் சிக்கல். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத வரி. தாண்டிய பகுதிக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? மொத்தத்துக்கும் என்று 2019-இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. அதன்படி 9,000 கட்டுபவருக்கு வரி 1,620 ரூபாய். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அனிதா சுமந்த், தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் என்று தீர்ப்பளித்தார். அப்படியானால் 270. ஒரே வீடு, ஒரே காவலாளி, ஒரே குப்பைவண்டி; சட்டத்தைப் படிக்கும் விதத்தில் மட்டும் மாதம் 1,350 ரூபாய் வித்தியாசம்.

இதற்கெல்லாம் முன்னால் பில்டரின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆரம்ப வருஷங்களில் லிஃப்ட் புதிது, பெயின்ட் புதிது, பம்ப் வாரண்டியில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டணத்தைக் காட்டித்தான் வீட்டை விற்கிறார்கள். கட்டடம் சங்கத்தின் கைக்கு வந்த பிறகு லிஃப்டுக்கு ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஆள், கோடையில் லாரித் தண்ணீர் என்று வரிசையாக வரும். பத்தாம் வருஷம் வெளிச்சுவர் பெயின்ட் வரும். அது வரும் என்று கட்டிய நாளிலேயே தெரியும். முதல் மாதத்திலிருந்தே சிறு தொகை ஒதுக்கியிருந்தால், ஒரே நாளில் ஐம்பதாயிரம் கொடு என்று ஒரு விதவையிடம் போய் நிற்க வேண்டியிருக்காது.

ஊரிலிருந்து ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் மாடல் வீட்டின் சமையலறையைத்தான் திறந்து பார்க்கிறார்கள். அதே பில்டர் ஐந்தாறு வருஷம் முன்பு கட்டிய கட்டடத்துக்குப் போய் செயலாளரைப் பாருங்கள். பொது மீட்டர் பில்லையும் கடந்த இரண்டு வருஷ வரவு செலவையும் கேளுங்கள். மாதம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பது விற்பனையாளரின் காகிதத்தைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

சதுர அடிக்கு வசூலிப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா என்ற சண்டை அடுத்த வாரம்.