தேநீர் குடித்தே மூன்று வருடம்

‘கே-ஆன்!’ என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரைக் குறை சொல்வது சுலபம். கியோட்டோ அனிமேஷன் தயாரித்து 2009-லும் 2010-லும் இரு பாகங்களாக ஒளிபரப்பானது. பள்ளி இசைக்குழுப் பெண்கள் பயிற்சியை விட்டுத் தேநீரும் கேக்குமாகப் பொழுதைப் போக்குகிறார்கள். கதை என்று தேடினால் கிடைக்காது. யூயி ஆசைப்படும் கிதார் 2,50,000 யென். தோழிகள் அவளுக்காகச் சாலையில் வண்டிகளை எண்ணும் வேலைக்குப் போகிறார்கள். அட, பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கடை ஒரு தோழியின் குடும்பத்தைச் சேர்ந்ததாம், 50,000-க்கே கிடைத்துவிடுகிறது! மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். பெற்றோர்களோ அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை.

ஆனால் அத்தனை வெட்டிப் பேச்சுக்கும் இரண்டாம் பாகத்தின் முடிவில் அர்த்தம் வந்துவிடுகிறது. நால்வரும் பள்ளியை முடித்துவிட, ஒரு வகுப்பு கீழே படிக்கும் அசூசா மட்டும் தனியாக நிற்கிறாள். போகவேண்டாமென்று அழுகிறாள். அவளுக்கென்றே எழுதிய பாட்டை அந்தத் தேநீர் அறையிலேயே வாசித்துக் காட்டுகிறார்கள். அவள் இழப்பது என்ன என்பதை நாமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம் அல்லவா!

எனக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரத்தில், என் மகள் இந்தக் கட்டத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். புது ஊரில் புது சிநேகிதம் கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.